ஜீவா போட்டதை நான் போடமாட்டேன்

அன்று காலை நான் கடைக்குள் நுழைந்தபோது ஜீவாவின் மேசையைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். பத்திர எழுத்தர் ராஜவேலு ஐயா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து, அவளுடைய கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ கொண்டுவந்தவர்கூடத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

என் மேசைப் பக்கம் யாரும் இல்லை. முதல் நாள் மாலை நான் கணினிக்குப் போர்த்திவிட்டுப் போன துணி போர்த்தியபடியே கிடந்தது.

"அக்கா, வாங்க வாங்க. மெசின மாத்திட்டேன்," என்றாள் ஜீவா.

"புதுசு வாங்கிட்டியா?"

"ஐய, எங்கேர்ந்து வாங்குறது? அதே டப்பாதான். உள்ள கீறத மட்டும் மாத்திட்டேன். விண்டோஸ எட்த்துட்டு லினக்ஸு போட்டேன்க்கா. அதுல மின்ட்டுன்னு ஒண்ணு. காசு ஒண்ணியும் கெடையாது, சும்மாவே குடுக்குறாங்க."

அவள் திரையில் எத்தனையோ வருடமாக இருந்த நீல வானமும் புல்வெளியும் போயிருந்தன. கறுப்பும் பச்சையுமாக ஒரு படம், நடுவில் இலை போட்ட ஒரு வட்டம். அவள் ஒரு கோப்பைத் தட்டினாள். தட்டிய விரலை எடுப்பதற்குள் திறந்தது.

"சும்மா குடுக்குறது இந்த ஓட்டம் ஓடுதா?" என்றார் ராஜவேலு ஐயா. "ரோஸ்லின், நீயும் வந்து பாரும்மா."

பார்த்தேன். நல்லா இருக்கு என்று சொன்னேன். என் இடத்துக்குப் போய்த் துணியை எடுத்து மடித்து, ஒரு தடவை உதறி, மறுபடி மடித்தேன்.

ஒரு மேசைக்குத்தான் இடம்

பூந்தமல்லியில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்தது அந்தக் கடை. ராஜவேலு ஐயா பத்திரத்துக்கு வாசகம் சொல்வார். நானும் ஜீவாவும் ஆளுக்கொரு கணினியில் தட்டச்சு செய்வோம். அச்சு எந்திரம் இருவருக்கும் பொது. யாருக்கு அச்சு எடுக்க வேண்டுமோ அவர் மற்றவரிடமிருந்து கேபிளை வாங்கித் தன் கணினியில் செருகிக்கொள்ள வேண்டும். அந்தக் கேபிளை நீட்டுவதிலும் வாங்குவதிலுமே எங்களுக்குள் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்துவிடும்.

எனக்கு அந்த இடம் பிடித்ததற்கு ஒரே காரணம், என் நாற்காலி சுவரைப் பார்த்து இருந்தது. வருகிற ஆட்களிடம் பேசுவது ராஜவேலு ஐயா வேலை. விலாசம் கேட்பது, சாட்சி எங்கே என்று அதட்டுவது எல்லாம் அவர். நான் திரும்பாமல் தட்டிக்கொண்டே இருக்கலாம். புது ஆட்களிடம் பேசவேண்டும் என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், ஐம்பதை நெருங்கியும் மாறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சாலையை அகலமாக்கக் குறி போட்டுவிட்டுப் போனார்கள். சிவப்பு மையில் போட்ட கோடு எங்கள் கடையின் பாதியில் விழுந்திருந்தது.

ராஜவேலு ஐயா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "முன்னாடி பக்கம் போயிடுச்சின்னா உள்ள ஒரு மேசைக்குத்தான் எடம். ரெண்டு பேருல யாருன்னு நான் சொன்னா பாவம் எனக்கு வரும். மெசின் சொல்லட்டும். செவுத்த இடிக்கிற வரைக்கும் எது மக்கர் பண்ணாம ஓடுதோ, அது உள்ள. இன்னொருத்தங்க வேற எடம் பாத்துக்கங்க."

வேறு இடம் என்றால் எனக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. தெருவைப் பார்த்து உட்கார வேண்டும். போர்டு மாட்ட வேண்டும். போகிறவர் வருகிறவரைப் பார்த்து "என்ன டைப் பண்ணணும், வாங்க" என்று கூப்பிட வேண்டும்.

அந்த வாரத்தில்தான் ஜீவா தன் கணினியை மாற்றினாள்.

யளனக

என் பொறாமைக்கு வயது அதிகம். அது ஜீவாவோடு பிறந்ததில்லை.

பத்தாவது முடித்ததும் ஆவடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தேன். பழைய கட்டடத்தின் மாடியில் வரிசையாக மெசின்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அடித்தால் தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி இருக்கும். எண்ணெயும் ரிப்பன் மையும் கலந்த ஒரு வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும்.

ஜன்னலோரத்து மெசின் மட்டும்தான் அதில் நல்லது. மற்றவற்றில் 'ண' ஒட்டிக்கொள்ளும், அல்லது உருளை நழுவும். ஜன்னலோரத்து மெசினில் எப்போதும் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவள் பெயர்கூட இப்போது நினைவில்லை. அவள் வரி முடிகிறபோது அடிக்கிற மணி மட்டும் நினைவிருக்கிறது. கோயில் மணி மாதிரித் தெளிவாக இருக்கும். என் மெசின் மணி இருமும்.

முதல் பாடம் யளனக. இடது கையின் நான்கு விரலுக்கு நான்கு எழுத்து. விரலைப் பார்க்கக் கூடாது என்று மாஸ்டர் அட்டையால் கையை மூடிவிடுவார். அட்டைக்கு அடியில் என் விரல்கள் யளனக அடித்துக்கொண்டிருக்க, காது முழுக்க அந்த மணியில் இருக்கும். அவளுக்கு முன்னால் வந்து அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு நாள் சாப்பிடாமல் ஓடினேன். அன்றைக்கு அவள் எனக்கும் முன்னால் வந்திருந்தாள்.

ஆனால் அங்கே பரீட்சை எழுதி வாங்கிய ஹையர் சர்டிபிகேட்தான் எனக்குச் சோறு போட்டது. டைப்ரைட்டர் போய்க் கணினி வந்தபோதும் அதே எழுத்து வரிசையைத்தான் வைத்துக்கொண்டேன். ஜீவாவோ இங்கிலீஷ் எழுத்தில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் தமிழ் வருகிற முறையில் அடிப்பாள். அவளிடம் சர்டிபிகேட் எதுவும் கிடையாது. ஆனாலும் என்னைவிட வேகம். அடித்துக்கொண்டே போனில் பேசுவாள், அடித்துக்கொண்டே சிரிப்பாள். வருகிற பெண்கள் எல்லாம் அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுவார்கள். என் நாற்காலியை யாரும் பிடித்ததில்லை.

கெயவி ஆயிடுச்சி

என் கணினி சில நாட்களாகவே காலையில் ஒரு அறிவிப்பைக் காட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்பு வராது, புதிதுக்கு மாறுங்கள் என்று. மூடினால் மறுபடி வரும். அது போதாதென்று, ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கம் போக முக்கி முனகியது. உள்ளே இருக்கிற விசிறி சத்தம் கேட்டு ஜீவா திரும்பிப் பார்ப்பாள்.

"அக்கா, குடுங்க, மத்தியானம் நானே உங்களுக்கும் மின்ட்டு போட்டுத் தரேன்," என்றாள்.

"வேணாம்மா. நான் பாத்துக்கறேன்."

"இன்னாக்கா, சும்மா கெடைக்கிறத வேணான்றீங்க."

அவள் போட்டுக்கொடுத்து நான் அந்த மேசையில் உட்கார்ந்தால் அது என்ன ஜெயிப்பு? அவள் போட்டதை நான் போடமாட்டேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால் கணினி பழுது பார்க்கிற பாய் ஒருவர் இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் கணினிப் பெட்டியைப் பட்டாபிராமில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, நானும் என் வீட்டுக்காரரும் அதைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குப் போனோம். பாய் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே ஊதினார். தூசி பறந்தது.

"மெசினு கெயவி ஆயிடுச்சி தங்கச்சி. புது விண்டோஸ் இதுல ஏறாது. ஏறுனாலும் எழுந்து நடக்காது."

"லினக்ஸ் ஏறுமா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

"ஏறும். எந்த லினக்ஸு?"

எந்த என்று ஒரு கேள்வி இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஜீவா போட்டது ஒன்று, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். பாய் ஒரு மேசை இழுப்பறையைத் திறந்தார். கயிறு கட்டின பென்டிரைவுகள் கொத்தாக வந்தன. ஒவ்வொன்றிலும் பேனாவில் பெயர் எழுதி ஒட்டியிருந்தார்.

"எடுத்துகினு போ. பெட்டியில ஏத்த வேணாம். செருவி, இதுலேர்ந்தே ஓட்டிப் பாரு. புடிச்சா ஏத்திக்க. புடிக்கலன்னா எனுக்குத் திருப்பிக் குட்த்துடு."

வரும் வழியில் என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். "ஓட்டிப் பாத்துட்டுப் பிடிக்கலைன்னா திருப்பிக் குடுக்குற வசதி நம்ம கல்யாணத்துல இல்லாமப் போச்சே ரோசு."

"இருந்திருந்தா நீங்க இன்னைக்கு எங்க இருந்திருப்பீங்கன்னு தெரியல," என்றேன். வீட்டில் எனக்குப் பேச்சு வரும்.

வரன் பார்த்த ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து புடவைகூட மாற்றவில்லை. முதல் பென்டிரைவைச் செருகினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று கீழிருந்து மேலே ஓடின. பிறகு ஒரு படம். சிவப்பாக ஒரு குட்டிச் சாத்தான். தலையில் கொம்பு, கையில் சூலம், காலில் கேன்வாஸ் ஷூ.

என் வீட்டுக்காரர் காப்பி டம்ளரோடு அப்படியே நின்றார். "நன்மை அப்பம் வாங்கின வாய் இன்னும் காயல. அதுக்குள்ள இதையா கூப்ட்ட?"

அது லினக்ஸ் இல்லையாம். யூனிக்ஸ் குடும்பத்திலேயே வேறு கிளை, பிஎஸ்டி என்று பெயர். பாய் போனில் சொன்னார். ரொம்ப உறுதியானது, ஆனால் எல்லாவற்றையும் நாமே எழுதிச் சொல்ல வேண்டும் என்றார். பூந்தமல்லி வட்டாரத்தில் யாரிடமும் இது இருக்காது என்பதில் எனக்கு ஒரு நப்பாசை. ஆனால் அது இங்கிலீஷில் கேள்வி கேட்டுக்கொண்டே போனது. மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் பென்டிரைவை உருவிவிட்டேன்.

அடுத்தது பார்க்க அழகு. இடது பக்கம் பெரிய பெரிய படங்கள். ஆனால் என் பெட்டி தாங்கவில்லை. விசிறி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பிறகு மின்ட். எதற்கு அதைச் செருகினேன் என்று தெரியவில்லை. அவள் தினமும் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நானும் தனியாகப் பார்க்க வேண்டும் போலிருந்தது. எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. பழைய கணினியில் எங்கே மெனு இருந்ததோ அங்கேயே மெனு. எழுத்து தெளிவாக இருந்தது. ஒன்றைக்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை.

"இதுதான் ரோசு. இதையே போட்டுடு," என்றார் என் வீட்டுக்காரர்.

"கலர் நல்லால்ல."

"கலர மாத்திக்கலாம்னு எழுதியிருக்கே."

"நல்லால்லன்னா நல்லால்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். திருமழிசையில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறவர் அவர். போகும்போதும் வரும்போதும் எங்கள் கடையை பஸ்ஸிலிருந்து பார்க்கிறவர். "ஓ, இது அந்தப் பொண்ணு வச்சிருக்கிறதா?" என்றார். நான் மின்ட்டை உருவினேன். அவர் டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

கடைசியாக டெபியன் என்று ஒன்று. சிவப்பில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுழி. அதைத் தவிர ஒரு அலங்காரமும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, நான்கு படங்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு தடவை பார்த்துவிட்டு மறந்துபோகிற பெண் மாதிரி இருந்தது. ஆனால் சத்தம் போடாமல் ஓடியது.

பாய்க்குப் போன் போட்டு, டெபியன் எப்படி என்று என் வீட்டுக்காரரைக் கேட்கச் சொன்னேன்.

"அதுதான் எல்லாத்துக்கும் தாயி," என்றார் பாய். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "மின்ட்டு கீது பாரு, அது இதோட பேத்தி. இதுலேர்ந்து ஒண்ணு பொறந்து, அதுலேர்ந்து பொறந்ததுதான் மின்ட்டு."

அந்த இடத்திலேயே நான் முடிவு செய்துவிட்டேன். ஜீவாவுடையது பேத்தி. என்னுடையது பாட்டி. இனி அவள் அந்த இலையைப் பார்த்துப் பெருமைப்படுகிற போதெல்லாம் நான் உள்ளுக்குள் மாமியார் மாதிரி உட்கார்ந்திருக்கலாம். வேகம், பாதுகாப்பு, வசதி என்று எதையோ பார்த்து ஆட்கள் இதையெல்லாம் தேர்ந்தெடுப்பார்களாம். நான் உறவுமுறை பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

ஏற்றி முடிக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. ஆனால் என் விரலுக்குத் தெரிந்த எழுத்து வரிசை அதில் இல்லை. ஜீவா அடிக்கிற முறை இருந்தது, பள்ளிக்கூடத்தில் இப்போது சொல்லிக்கொடுக்கிற முறை இருந்தது. எனக்கு அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் போனைப் பார்த்துப் பார்த்து இன்னொரு தட்டச்சு மென்பொருளை இறக்கச் சொன்னார். இறக்கினதும் ஒரு நீளமான பட்டியல் விரிந்தது. உலகத்து மொழியெல்லாம் இருந்தது. அதில் தமிழுக்குக் கீழே டைப்ரைட்டர் என்று ஒரு வரி.

தேர்ந்தெடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நான்கு விரலை வைத்து அழுத்தினேன். கண்ணைத் திறந்தேன். யளனக.

மொட்டைத் தாள்

மறுநாள் கடையில் என் திரையைப் பார்த்த ராஜவேலு ஐயா, "இது இன்னாம்மா, ஜீவாவோடதா?" என்றார்.

"இல்லைங்க. இது அதுக்குப் பாட்டி."

அவருக்குப் புரியவில்லை. ஜீவாவுக்குப் புரிந்தது. "டெபியனா? பெரிய ஆளு நீங்க," என்று சிரித்தாள். அவள் சிரித்ததும் எனக்கு அந்தப் பாட்டி உறவின் ருசி பாதி போய்விட்டது.

அன்று காலை முதல் வேலையே ஒரு தான செட்டில்மெண்ட் பத்திரம். திருமழிசைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தன் மகளுக்கு வீட்டை எழுதிக்கொடுக்கிறார். போன வாரமே பழைய விண்டோஸில் அடித்து, படித்துக் காட்டி, சரி பார்த்து, தனியாக ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்தாகிவிட்டது. முத்திரைத் தாள் வாங்கி வைத்திருந்தார்கள். அச்சு எடுத்து, கையெழுத்துப் போட்டு, டோக்கன் நேரத்துக்குப் பதிவு அலுவலகம் போக வேண்டும்.

"நைனா, அந்தாண்ட குந்து. காத்து வரும்," என்று மகள் பெரியவரை விசிறிக்குக் கீழே உட்கார வைத்தாள்.

நான் ஜீவாவிடம் கை நீட்டினேன். அவள் கேபிளைக் கொடுத்தாள். செருகியதும் அச்சு எந்திரம் என்னைக் கேட்காமலே தன்னைச் சேர்த்துக்கொண்டது. வெறும் வெள்ளைத் தாளில் முதலில் ஒரு மாதிரி எடுப்பது வழக்கம். எடுத்தேன்.

ராஜவேலு ஐயா தாள்களைப் புரட்டினார். கடைசித் தாளில் அவர் கை நின்றது. "இன்னாம்மா இது. கடைசித் தாளு மொட்டையா கீது?"

பத்திரம் அடிக்கிறவர்களுக்கு இது தெரியும். முடிவில் வருகிற கையெழுத்தும் சாட்சிகளும் தனியாக ஒரு தாளில் விழக் கூடாது. மேலே பத்திர வாசகம் இரண்டு வரியாவது இருக்க வேண்டும். வெறும் கையெழுத்து மட்டும் இருக்கிற தாளை நாளைக்கு யாராவது உருவி வேறு பத்திரத்தில் சேர்த்துவிட்டால்? அதனால் ராஜவேலு ஐயா அப்படி ஒரு தாளைக் கையால் தொடக்கூட மாட்டார். போன வாரம் சரியாக இருந்த பத்திரத்தில், இன்று கையெழுத்து இடம் மட்டும் நழுவிக் கடைசித் தாளில் அநாதையாக நின்றது.

"மெசினு மக்கர் பண்ணுதா?" என்று கேட்டார்.

சாதாரணமாகத்தான் கேட்டார். அந்தக் கேள்விக்கு என் மேசை தொங்கிக்கொண்டிருந்தது.

"இல்லைங்க. மார்ஜின்தான். இதோ," என்றேன்.

"சாட்சி இன்னும் வர்ல. நான் போய்க் கூட்டியாறேன். அதுக்குள்ள எடுத்து வையி," என்று வெளியே போனார்.

ஓரத்து இடைவெளியைக் குறைத்தேன். கையெழுத்து மேலே ஏறியது. ஆனால் முதல் தாளில் வரிகள் மேலே போய் முத்திரை இருக்கும் இடத்தில் இடித்தன. அதைச் சரி செய்தால் நான்கெல்லை விவரம் இரண்டு தாளாகப் பிரிந்தது. அதைச் சேர்த்தால் கையெழுத்து மறுபடி கீழே போனது.

"அக்கா, டோக்கன் டைம் ஆவுது," என்றாள் பெரியவரின் மகள். "நைனாக்கு சக்கர வேற. கையெழுத்துப் போட்டுட்டுத்தான் துன்னுவேன்னு ஒக்காந்துகினு கீது."

"அவசரப்படுத்தாத புள்ள," என்றார் பெரியவர். "என் ஊடு எங்க ஓடிப்பூடும்?"

அப்போது ஜீவா எழுந்து வந்தாள். என் மேசையிலிருந்து ஸ்டேப்ளரை எடுப்பவள் போலக் குனிந்தாள். அவள் தலையில் வைத்திருந்த மல்லி என் கன்னத்தில் பட்டது.

"மெசினு மேல ஒரு தப்பும் இல்லக்கா," என்றாள், காதோரம். "பழைய விண்டோஸுல இருந்த எழுத்து, அந்த ஃபான்ட்டு, இதுல கெடையாது. அது இல்லன்னா, இது தன் கையில கீற எழுத்த எடுத்துப் போட்டுக்கும். அது கொஞ்சம் அகலம். அதான் வரியெல்லாம் கீழ எறங்குது. எனுக்கும் மொத நாளு இப்டிதான் ஆச்சி. பென்டிரைவுல அந்த எழுத்து வச்சிகினு கீறேன். ஏத்தட்டா?"

அவளுக்கு மேசை விஷயம் தெரியாமல் இல்லை. அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், மேசை அவளுக்கு. நான் அவளைப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

பென்டிரைவைச் செருகினாள், எதையோ இரண்டு தடவை தட்டினாள், பத்திரத்தை மூடித் திறந்தாள். வரிகள் எல்லாம் ஒரு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்ட மாதிரி ஒடுங்கின. கையெழுத்து தன் இடத்துக்கு ஏறி, வாசகத்துக்குக் கீழே போய் நின்றது. ஜீவா ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள்.

சாட்சிகளோடு திரும்பிவந்த ராஜவேலு ஐயா புது மாதிரியைப் புரட்டினார். "ஆங். இது பத்திரம்." முத்திரைத் தாளில் அச்சு எடுக்கச் சொன்னார். தாள்கள் சூடாக ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பெரியவர் எழுந்து வந்து ஒவ்வொரு தாளிலும் தன் பெயரைப் போட்டார்.

"பரவால்ல ரோஸ்லின்," என்றார் ராஜவேலு ஐயா. "இத்தன பழைய பெட்டிய வச்சிகினு மக்கர் இல்லாம ஓட்டிட்ட. செவுத்த இந்த வாரமே இடிக்கிறாங்க, உள்ள கீற மேச உனுக்கே இருக்கட்டும். ஜீவா சின்னப் பொண்ணு, வாய் கீது, எங்கனா பொழச்சிக்கும். இன்னா ஜீவா?"

"அக்காவே இருக்கட்டும் ஐயா," என்றாள் ஜீவா. சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள்.

என் வாய் திறந்தது

அவள் கணினி திறக்கிற வேகத்தை நான் பொறுத்திருந்தேன். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்களைப் பொறுத்திருந்தேன். அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. இனி தினமும் காலையில் நான் போய் உட்காரப்போகிற மேசை, அவள் கொடுத்ததாக இருக்கும். அவள் எங்கே இருந்தாலும் என்னைவிட ஒரு படி மேலே இருப்பாள்.

"ஐயா," என்றேன். என் குரல் கடை முழுக்கக் கேட்டது. பெரியவர்கூடத் திரும்பினார். "இதைச் சரி பண்ணது நான் இல்லைங்க. ஜீவா. அவ பென்டிரைவு."

ராஜவேலு ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அப்போ மக்கர் பண்ணிச்சி?"

"பண்ணிச்சிங்க."

"மெசின் சொல்லட்டும்னு சொல்லிட்டேன். இனிமே நான் மாத்திப் பேச முடியாது ரோஸ்லின்."

"மாத்த வேணாங்க."

அவர் பத்திரத்தை அடுக்கிக் கொக்கி போட்டு, பெரியவரைக் கைப்பிடித்து எழுப்பி, பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் நான் கடை வாசல் குழாயில் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஜீவா வந்து நின்றாள். குழாயை மூடினாள்.

"இன்னாக்கா நீங்க? நான்தான் உட்டுக் குட்த்தேன் இல்ல? கம்முனு வாங்கிக்க வேண்டியதுதானே."

"எனக்கு வேணாம்."

"எல்லார் எதிர்லயும் அப்டி சொல்லிட்டீங்க. இப்போ அந்த மேசையில நான் எப்டிக்கா குந்துவேன்? ஐயா இன்னா நெனைப்பாரு, அந்தப் பெரியவரு இன்னா நெனைப்பாரு? ரோஸ்லின் அம்மாதான் பெரிய மனுசின்னு நெனைப்பாங்க." மூடியிருந்த குழாயை இன்னும் இறுக்கினாள். "ஒரு தபா என்ன நல்லவளா இருக்க உட மாட்டீங்களாக்கா நீங்க?"

அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு இறுகி, மூக்கு நுனி சிவந்து, கண் என் முகத்தில் நிற்காமல் பக்கத்தில் எதையோ தேடியது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். பல வருடமாக என் வீட்டுக் கண்ணாடியில் பார்த்துவருகிறேன். அது அவளுக்கு என்னைவிடப் பொருத்தமாக இருந்தது என்றுகூடத் தோன்றியது.

குழாயைத் திறந்து மீதிச் சோப்பையும் அலசினேன். டப்பாவை மூடிப் பையில் வைத்தேன். "வரேன் ஜீவா," என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். கால் தரையில் பட்டதாகத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தி என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள்.

எனக்கு மேசை போய்விட்டது என்பது, ஆவடி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.